பதில் சொல்லாத ஏ.சி.

போன வருடம் மே மாதம், கத்திரி வெயில் நடந்துகொண்டிருந்தபோது, ஒரு வாரம் அம்மாவோடு திருச்சியில் இருந்தேன். உறையூரில் பழைய வீடு. அம்மாவின் படுக்கையறை மொட்டை மாடிக்கு நேர் கீழே. பகல் முழுக்கக் காங்கிரீட் குடித்த வெயிலை விடியும்வரை திருப்பித் தரும் அறை அது. அப்பா இருந்த காலத்தில் வாங்கிய ஒன்றரை டன் ஸ்ப்ளிட் ஏ.சி. இன்னும் அங்கேதான் ஓடுகிறது.

முதல் நாள் இரவு ஒன்றரை மணிக்குக் கரண்ட் போனது. பத்து நிமிடத்தில் வந்தும்விட்டது. இன்வெர்ட்டரில் ஃபேன் ஓடிக்கொண்டே இருந்ததால் நான் எழுந்திருக்கவில்லை. மூன்று மணிக்கு ஏதோ சத்தம் கேட்டுக் கண் விழித்தால், அம்மா இருட்டில் தலையணைக்கு அடியில் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருக்கிறாள். முதுகு முழுக்க வேர்வையில் நனைந்திருந்தது. ரிமோட் கிடைத்ததும், மூட்டுவலியில் சரியாக மடங்காத கட்டைவிரலால் பட்டனை அழுத்தினாள். பீப் என்றது, ஓடவில்லை. மறுபடி அழுத்தினாள். பீப். இந்தத் தடவை ஓடியது.

"எப்பவும் ரெண்டு தடவை அழுத்தணும்டி. அது அப்படித்தான்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

எனக்குத் தூக்கம் போய்விட்டது. எத்தனை வருடமாக இப்படி நடுராத்திரியில் துழாவிக்கொண்டிருக்கிறாளோ. போனில் ஒரு நாளும் சொன்னதில்லை.

மறுநாள் வழக்கமாக வரும் மெக்கானிக் அண்ணனைக் கூப்பிட்டேன். வந்து பார்த்துவிட்டு, "மிஷின்ல ஒரு குறையும் இல்லம்மா. கேஸ் சரியா இருக்கு, கூலிங் நல்லா இருக்கு. இந்த மாடல்ல ஆட்டோ ரீஸ்டார்ட் கிடையாது, அவ்வளவுதான். கரண்ட் வந்தா தானா ஓடாது. வேணும்னா புதுசு போட்டுடுங்க" என்றார். நல்ல மனிதர், உள்ளதைத்தான் சொன்னார். ஆனால் ஒரு குறையும் இல்லாத இயந்திரத்தை, கரண்ட் வந்தது தெரியவில்லை என்பதற்காகக் கழற்றிப் போட எனக்கு மனம் வரவில்லை. அப்பா வாங்கியது என்பதும் ஒரு காரணம்தான், மறைக்கவில்லை.

சரி, அந்த "ரெண்டு தடவை" விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இந்தக் கதை முழுக்க அதற்குள்தான் இருக்கிறது.

ஏ.சி. ரிமோட்டின் சின்னத் திரையில் 24 என்று தெரிகிறது இல்லையா, அது ஏ.சி. சொல்லி வந்த எண் இல்லை. ரிமோட் தன் நினைவில் வைத்திருக்கும் எண். ரிமோட்டிலிருந்து ஏ.சி.க்குப் போக மட்டும்தான் பாதை உண்டு, திரும்பி வரப் பாதை கிடையாது. ராத்திரி கரண்ட் போனால் ஏ.சி. அணைகிறது. ஆனால் அம்மாவின் ரிமோட்டுக்கு அது தெரியாது. பேட்டரியில் ஓடும் அது "நான் போட்டது ஓடிக்கொண்டுதான் இருக்கிறது" என்றே நினைத்துக்கொண்டிருக்கிறது. அம்மா பட்டனை அழுத்தும்போது ரிமோட் "அணைந்துவிடு" என்கிறது. ஏற்கெனவே அணைந்திருக்கும் ஏ.சி. அதைக் கேட்டு ஒரு பீப் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கிறது. இரண்டாவது அழுத்தலில்தான் "ஓடு" என்ற சொல் போகிறது. அம்மா அனுபவத்தில் கண்டுபிடித்த விதி முற்றிலும் சரி.

டி.வி. ரிமோட் இப்படி இல்லை. அதில் ஒரு பட்டனுக்கு ஒரு சொல்: ஒலியைக் கூட்டு, அடுத்த சேனல், அவ்வளவுதான். ஏ.சி. ரிமோட்டில் அநேகமாக எந்தப் பட்டனைத் தொட்டாலும் முழு வாக்கியமே போகும். குளிரூட்டு, 24 டிகிரி, காற்று நடுத்தரம் என்று எல்லாம் சேர்த்து. வெப்பநிலையை ஒரு டிகிரி மாற்றினாலும் மொத்தத்தையும் திரும்பச் சொல்லும். பதில் வராது என்று தெரிந்தே செய்த ஏற்பாடு இது. ஒரு தடவை கேட்காமல் போனாலும் அடுத்த தடவை முழுசாகக் கேட்டுவிடும். இது எனக்குப் பின்னால் பெரிய வரமாக இருந்தது.

ரிமோட்டைப் போலவே ஏ.சி.யிடம் பேசும் ஒரு சின்னப் பெட்டியை நானே செய்துவிடலாம் என்று, சென்னைக்குத் திரும்பியதும் ஒரு சனிக்கிழமை ரிச்சி தெருவுக்குப் போனேன். நோட்எம்சியூ போர்டு ஒன்று, அதில் இருப்பது ஈஎஸ்பி8266 என்ற வைஃபை சில்லு. 38 கிலோஹெர்ட்ஸ் ஐ.ஆர். (அகச்சிவப்பு) ரிசீவர் இரண்டு, 940 நானோமீட்டர் ஐ.ஆர். எல்.இ.டி. நான்கு, 2என்2222 டிரான்சிஸ்டர், சில ரெசிஸ்டர்கள், ஒரு டிஎஸ்18பி20 வெப்பநிலை சென்சார். எல்லாம் சேர்த்து 500 ரூபாய்க்குள் முடிந்தது. கடையில் வேகமாகச் சொன்னால்தான் நடக்கும் என்பதால் பட்டியலை எழுதி எடுத்துக்கொண்டு போவது நல்லது.

கடையில் இதற்கென்றே தயாராக விற்கும் பெட்டிகள் உண்டு. பிராட்லிங்க் ஆர்எம்4 மினி அதில் பலரும் வாங்குவது. வீட்டுச் சாதனங்களை ஒரே இடத்திலிருந்து இயக்கும் ஹோம் அசிஸ்டென்ட் என்ற மென்பொருளோடும் நன்றாகச் சேரும். உங்களுக்குச் சென்னையில் உட்கார்ந்துகொண்டு போனில் ஏ.சி.யைப் போடவும் அணைக்கவும் மட்டும்தான் வேண்டும் என்றால் அதையே வாங்குங்கள், ஒரு மாலையில் வேலை முடியும். எனக்கு வேண்டியது வேறு. இணையம் இல்லாவிட்டாலும், ரவுட்டர் தொங்கிப்போனாலும், நான் தூங்கிக்கொண்டிருந்தாலும், அந்த அறைக்குள்ளேயே இருந்து அம்மாவுக்காக அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லும் ஒன்று.

முதல் வேலை, கேட்பது. போர்டில் ஈஎஸ்பிஹோம் என்ற மென்பொருளை ஏற்றி, ரிசீவரை இணைத்து, "காதில் விழுவதையெல்லாம் எழுது" என்று ஒரு வரி கொடுத்தால் போதும். ஏ.சி. ரிமோட்டை ஊரிலிருந்து கொண்டுவர முடியாதே என்று அடுத்த பயணம்வரை காத்திருந்தேன். ஊருக்குப் போய், அம்மாவின் கட்டிலில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு ரிமோட்டை அழுத்தியபோது திரையில் வந்து விழுந்த பெயர், கூலிக்ஸ். ஏ.சி.யின் மேல் ஒட்டியிருக்கும் பெயர் வேறு. பல பிராண்டுகள் வெளியில் வேறு வேறு பெயரில் இருந்தாலும் உள்ளே ஒரே பாஷை பேசுகின்றன. இணையத்தில் உங்கள் மாடல் எண்ணைத் தேடிக் கிடைக்கவில்லையே என்று வருந்த வேண்டாம். ரிமோட்டையே பேசவிட்டுக் கேட்பதுதான் சரியான வழி.

கூலிக்ஸ் பாஷையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆகவேண்டும், எனக்கு அவ்வளவு பிடித்துப்போனது. ஒரு வாக்கியம் 24 பிட். அதை எட்டு எட்டாக மூன்று துண்டாக்கி, ஒவ்வொரு துண்டையும் சொன்ன கையோடு, அதையே தலைகீழாக்கி, பூஜ்யத்தை ஒன்றாகவும் ஒன்றைப் பூஜ்யமாகவும் மாற்றி, இன்னொரு தடவை சொல்கிறது. கேட்கும் பக்கம் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, பொருந்தினால்தான் நம்பும். முழு வாக்கியமும் இரண்டு முறை போகிறது. வெப்பநிலைக்கு நான்கு பிட், 17 முதல் 30 டிகிரி வரை. 17 என்றால் 0000, 18 என்றால் 0001. அடுத்து 19க்கு 0010 வரும் என்று எதிர்பார்த்தேன், வந்தது 0011. 20க்கு 0010. நோட்டில் எழுதிப் பார்த்தபோது புரிந்தது. ஒரு டிகிரி நகரும்போது ஒரே ஒரு பிட் மட்டும்தான் மாறுகிறது, 17லிருந்து 30 வரைக்கும். பெல் ஆய்வகத்தில் இருந்த ஃபிராங்க் கிரேயின் பெயரால் வழங்கும் குறியீட்டின் அதே யோசனை. யாரோ ஒரு பொறியாளர், முகம் தெரியாதவர், இருட்டில் ரிமோட்டைத் துழாவும் என் அம்மாவுக்காக இவ்வளவு பொறுப்பாக யோசித்திருக்கிறார்.

அடுத்தது, பேசுவது. போர்டின் காலிலிருந்து நேராக எல்.இ.டி.யை ஏற்றலாம் என்று பல படங்களில் போட்டிருக்கும். ஏற்றலாம், ஆனால் அந்தக் கால் 12 மில்லி ஆம்பியர் அளவுக்குத்தான் தரும். மேசை மேல் பக்கத்தில் வைத்தால் வேலை செய்யும், அறையின் மறுபக்கத்துக்கு எட்டாது. நடுவில் டிரான்சிஸ்டரைப் போட்டு, 5 வோல்ட் பக்கத்திலிருந்து 33 ஓம் வழியாகக் கொடுத்தால் ஏறக்குறைய 100 மில்லி ஆம்பியர் கிடைக்கும். எரிகிறதா என்று கண்ணால் பார்க்க முடியாது. மொபைல் கேமராவில் பாருங்கள், லேசான ஊதா நிறத்தில் துடிப்பது தெரியும். பின்பக்கக் கேமராவில் அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி வலுவாக இருப்பதால் பல போன்களில் தெரியாது. செல்ஃபி கேமராவில் பார்க்க வேண்டும். அம்மாவிடம் காட்டினேன். இத்தனை வருடம் கையில் வைத்திருந்த ரிமோட்டிலிருந்து வெளிச்சம் வருவதை முதல் தடவையாகப் பார்த்தவள், அதைத் தன் பக்கம் திருப்பி, போன் திரையில் பார்த்தபடியே பத்துப் பதினைந்து தடவை அழுத்தினாள்.

ஏ.சி.யைத் திறக்கவே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு ஸ்க்ரூ கழற்றவில்லை. நான் செய்த பெட்டியில் ஓடுவது மொபைல் சார்ஜரின் 5 வோல்ட். வீட்டில் பெரியவர்கள் இருக்கும் இடத்தில் 230 வோல்ட்டில் கை வைத்து ரிலே போடும் வழிகளை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். கம்ப்ரசர் ஓடும்போது ப்ளக்கில் கரண்டை வெட்டி ஒட்டுவது இயந்திரத்துக்கும் நல்லதில்லை.

பெட்டியை முதலில் ஜன்னல் ஓரப் பீரோவின் மேல் வைத்தேன். காலையில் நன்றாகக் கேட்டது. சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் செவிடாகிப் போனது. மேற்கு வெயில் ரிசீவரின் முகத்தில் நேராக விழுந்துகொண்டிருந்தது. வெயிலிலும் அகச்சிவப்பு உண்டு, ரிமோட்டைவிடப் பல மடங்கு. 1955இல் ஜெனித் நிறுவனத்தின் யூஜின் பாலி செய்த ஃப்ளாஷ்மேட்டிக் என்ற ரிமோட்டுக்கும் இதே தொல்லைதான். டி.வி.யின் நான்கு மூலையிலும் ஒளி உணரிகள், கையில் டார்ச் மாதிரி ஒரு கருவி. ஆனால் அறைக்குள் வெயில் வந்தால் டி.வி. தானாக மாறிக்கொள்ளும். அடுத்த வருடமே அதே நிறுவனத்தின் ராபர்ட் ஆட்லர் ஒளியை விட்டுவிட்டு, அலுமினியக் கம்பிகளைத் தட்டி மனிதக் காதுக்கு எட்டாத ஒலியை எழுப்பும் ரிமோட்டைக் கொண்டுவந்தார். பேட்டரிகூட வேண்டாம். பிற்பாடு மறுபடி ஒளிக்கே வந்தபோது, வெறும் வெளிச்சமாக அனுப்பாமல் நொடிக்கு 38,000 தடவை துடிக்கும் வெளிச்சமாக அனுப்பினார்கள். வெயில் அப்படித் துடிக்காது. ஆகையால் துடிப்பதை மட்டும் பொறுக்கி எடுத்துவிடலாம். அதற்கும் ஓர் எல்லை உண்டு, நேர் வெயில் முகத்தில் அடித்தால் எந்த ரிசீவரும் திணறும். பெட்டியை இடம் மாற்றினேன்.

இடம் மாற்றியதில் இன்னொன்றும் தெளிவானது. பெட்டிக்கு வாய் மட்டும் போதாது, காதும் வேண்டும், அந்தக் காது ரிமோட் எங்கே நீட்டப்படுகிறதோ அங்கே இருக்க வேண்டும். அம்மாவிடம் நான் முதலிலேயே கொடுத்த வாக்கு, ரிமோட் அவளிடமேதான் இருக்கும் என்பது. "ரிமோட்ட எடுத்துட்டுப் போயி போன்லதான் பண்ணணும்னு சொல்லிடாதடி" என்று கவலையோடு கேட்டாள். இப்படி வீட்டுக்குச் செய்து கொடுக்கும் பலர் தவறுவது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். புதிய ஏற்பாடு வந்ததும், பழக்கப்பட்ட பட்டனை விட்டுவிட்டு ஆப்பைத்தான் தொட வேண்டும் என்று பெரியவர்களைக் கட்டாயப்படுத்துகிறார்கள். அம்மா ரிமோட்டில் 26 வைத்தால் பெட்டியும் அதைக் கேட்டு 26 என்று குறித்துக்கொள்ள வேண்டும். ஈஎஸ்பிஹோமில் ஏ.சி.க்கான பகுதியோடு ரிசீவரையும் சேர்த்துக் கொடுத்தால் அது நடக்கும். ரிசீவரை மட்டும் நீளமான ஒயரில் இழுத்து ஏ.சி.க்குக் கீழே சுவரில் ஒட்டினேன். எல்.இ.டி. எதிர்ச்சுவரில் இருந்து ஏ.சி.யின் முகத்தைப் பார்க்கிறது.

இப்போது முக்கியமான வேலை. பெட்டியின் சார்ஜரை வேண்டுமென்றே இன்வெர்ட்டர் இல்லாத லைனில் செருகினேன். கரண்ட் போனால் பெட்டியும் சாகும், வந்தால் பெட்டியும் பிழைக்கும். கரண்ட் வந்ததைக் கண்டுபிடிக்கத் தனியாக ஒரு சென்சார் தேவையில்லை; தான் உயிர்த்தெழுந்ததே செய்தி. எழுந்ததும், கடைசியாக ஏ.சி. ஓடிக்கொண்டிருந்ததா என்று நினைத்துப் பார்த்து, ஆம் என்றால் மூன்று நிமிடம் பொறுத்து அந்த வாக்கியத்தைச் சொல்ல வேண்டும். மூன்று நிமிடம் ஏன் என்றால், நின்ற கம்ப்ரசரில் இரண்டு பக்க அழுத்தமும் சமமாக அவ்வளவு நேரம் தேவை. ஏ.சி.யே பெரும்பாலும் அதைப் பார்த்துக்கொள்ளும் என்றாலும், எங்கள் தெருவில் கரண்ட் வந்தவுடன் இரண்டு தடவை கண் சிமிட்டிவிட்டுத்தான் நிலைக்கும்.

மெயின் சுவிட்சை அணைத்துப் போட்டுச் சோதித்தேன். எதுவும் நடக்கவில்லை. காரணம் தேட ஒரு மாலை போனது. ஈஎஸ்பி8266இல் ஈஎஸ்பிஹோம் தன் நினைவுகளை வழக்கமாக ஒரு தற்காலிக இடத்தில்தான் வைக்கிறது. ரீபூட் ஆனால் தாங்கும். கரண்டே போனால் அழிந்துவிடும். கரண்ட் போனாலும் அழியாத ஃபிளாஷ் நினைவகத்துக்கு எழுதும் ஆயுள் குறைவு என்பதால் இந்த ஏற்பாடு. நம் வேலைக்கு, ஃபிளாஷில் எழுது என்று ஒரு வரி தனியாகச் சேர்க்க வேண்டும். ஒரு நாளில் நாலைந்து தடவை மாறும் ஏ.சி.க்கு ஃபிளாஷ் தேய்ந்துவிடும் என்ற பயம் வேண்டாம்.

சேர்த்தேன். மறுபடி சோதித்தேன். இப்போது போனில் ஹோம் அசிஸ்டென்ட் "குளிரூட்டுகிறது, 24" என்று அழகாகக் காட்டியது. ஏ.சி. மூடிக்கிடந்தது. பெட்டி எழுந்ததும் பழைய நிலையை நினைவுக்குக் கொண்டுவந்து திரையில் போட்டுக்கொண்டதே தவிர, ஏ.சி.யிடம் சொல்லவில்லை. சொல் என்று நான் தனியாக எழுதியிருக்க வேண்டும். அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றபோது அம்மாவின் ரிமோட்தான் நினைவுக்கு வந்தது. அதே தவறு. தான் நினைத்துக்கொண்டிருப்பதை நடப்பது என்று காட்டுவது.

அதையும் சரி செய்த பிறகு வந்த தடங்கலுக்குக் காரணம் ஸ்டெபிலைசர். ஏ.சி.க்கு முன்னால் இருக்கும் ஸ்டெபிலைசரும் கரண்ட் வந்ததும் மூன்று நிமிடம் பிடித்து வைத்துத்தான் கொடுக்கும். பெட்டியின் மூன்று நிமிடம் சில நொடிகள் முந்திக்கொண்டது. ஏ.சி. இன்னும் எழுந்திருக்காத நேரத்தில் சொல்லிவிட்டு, சொல்லியாயிற்று என்று நிம்மதியாக இருந்துவிட்டது. ஐந்து நிமிடமாக மாற்றினேன்.

இங்கேதான் டிஎஸ்18பி20க்கு வேலை வந்தது. அதைக் காற்று வெளிவரும் வாயின் ஓரத்தில் ஒட்டிவிட்டேன். ஏ.சி. பதில் சொல்லாது, சரி. ஆனால் அது விடும் காற்று சொல்லும். உண்மையில் ஓடினால் பதினைந்து நிமிடத்துக்குள் அந்த இடம் நன்றாகக் குளிர்ந்துவிடும். குளிரவில்லை என்றால் அதே வாக்கியத்தை மறுபடி சொல். ஏ.சி. பாஷையில் முழு வாக்கியமாகச் சொல்வதால், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தாலும் ஒரு கெடுதலும் இல்லை. 24இல் ஓடு என்று பத்து தடவை சொன்னாலும் 24இல்தான் ஓடும்.

டி.வி.யிலும், கூடத்தில் இருக்கும் ரிமோட் ஃபேனிலும் இந்த வசதி இல்லை. அவற்றின் பவர் பட்டன் ஒரே சொல்தான்; அணைந்திருந்தால் ஓடும், ஓடினால் அணையும். எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியாமல் சொன்னால் தப்பாகத்தான் முடியும். அவற்றுக்குக் கரண்ட் இழுப்பதை அளக்கும் ப்ளக்கோ வேறு ஏதாவதோ வேண்டும். எங்கள் ஏ.சி.யிலும் காற்றுத் தடுப்பை ஆட்டும் பட்டன் மட்டும் அப்படி மாறி மாறி வேலை செய்யும் சொல்தான், அதனால் அதை நான் தொடவே இல்லை. சில வீடுகளில் ரிமோட் அகச்சிவப்பில் இல்லாமல் 433 மெகாஹெர்ட்ஸ் ரேடியோவில் பேசும், சுவரைத் தாண்டியும் வேலை செய்தால் அதுதான். அதற்கு வேறு பாகங்கள் வேண்டும். கேட் மோட்டார், கார் சாவி போன்றவற்றில் ஒவ்வொரு அழுத்தலுக்கும் சொல் மாறிக்கொண்டே இருக்கும். அது பாதுகாப்புக்காக வைத்தது, அதை நகலெடுக்க முயல வேண்டாம்.

ஒரு கவலை மட்டும் மிச்சம் இருந்தது. சொல் போய்ச் சேரும்போதெல்லாம் ஏ.சி. பீப் என்று கத்தும். நடுராத்திரியில் அந்தச் சத்தம் அம்மாவை எழுப்பிவிடுமே. எங்கள் ஏ.சி.யில் அதை அடக்க வழி கிடைக்கவில்லை. அம்மாவிடம் சொன்னேன்.

"அது இருக்கட்டும்டி. அந்தச் சத்தம் கேட்டாதான், சரி, கரண்ட் வந்துடுச்சு, ஏ.சி. ஓடுதுன்னு தெரியும்" என்றாள்.

சென்னைக்குக் கிளம்புவதற்கு முந்தின இரவு, நானும் அதே அறையில் தரையில் பாய் போட்டுப் படுத்திருந்தேன். ஒன்று நாற்பதுக்குக் கரண்ட் போனது. தெருவில் நாய் குரைத்தது, யாரோ கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார்கள். இன்வெர்ட்டரில் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டு மணிக்குக் கரண்ட் வந்தது. வழக்கம்போல இரண்டு தடவை சிமிட்டி நின்றது. மூலையில் பெட்டியின் நீல விளக்கு ஒரு முறை மின்னியது. நான் மொபைலில் நேரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஸ்டெபிலைசர் டக் என்றது. அறையில் புழுக்கம் ஏறிக்கொண்டிருந்தது. அம்மாவின் கை தூக்கத்திலேயே தலையணை பக்கம் நகர்ந்தது.

பீப்.

கை பாதியில் நின்றது. ஏ.சி.யின் வாய் மெல்லத் திறந்தது. கொஞ்ச நேரம் கழித்து அம்மா போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினாள்.